“எத்தனை நாளைக்குப் பிள்ளை?” - போரில் தப்பிய குழந்தைகளுக்கு உதவக் கிளம்பும் முன் ஒரு கேள்வி!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் செல்போனைத் தள்ளிக்கொண்டே வேலைக்குப் போகிறவர்களுக்குப் போர் இப்போது தினசரிக் காட்சி. காஸா, சூடான், உக்ரைன்... எங்கே குண்டு விழுந்தாலும் சில நிமிடங்களில் அது கைக்குள் வந்துவிடுகிறது. பல்லாவரத்தில் பார்த்த வீடியோ கிண்டியில் இறங்கிய பிறகும் மனதை விட்டு இறங்குவதில்லை. ‘நம்மால் ஏதாவது செய்ய முடியாதா?’ என்று தோன்றாதவர்கள் குறைவு.

ராஜகீழ்ப்பாக்கத்தில் வசிக்கும் அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் தோன்றியது. வயது 27. கிண்டியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அப்பா இல்லை. அம்மா, தாம்பரம் சானடோரியம் மெப்ஸில் தையல் மெஷினில் உட்கார்ந்து அவளைப் படிக்கவைத்தவர். அந்த வீடியோக்களில் ஒன்றில், இடிபாட்டுக்கு நடுவே ஒரு சிறுவன் தன் ஸ்கூல் பையை மட்டும் தேடி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகு அவளுக்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

மற்றவர்கள் ஷேர் செய்துவிட்டுக் கடந்துபோவார்கள். அவள் தேடத் தொடங்கினாள். தேடுகிறவர்களுக்கு இணையம் உடனே வழி காட்டும். ‘போரால் பாதிக்கப்பட்ட அகதிக் குழந்தைகளோடு இரண்டு வாரம்’ என்று ஒரு வெளிநாட்டுத் தன்னார்வப் பயண விளம்பரம் கண்ணில் பட்டது. முன் அனுபவம் தேவையில்லை. அன்பு இருந்தால் போதும். காலையில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கலாம், மாலையில் விளையாடலாம், கடைசி இரண்டு நாள் ஊர் சுற்றிப் பார்க்கலாம். முடிவில் சான்றிதழ் உண்டு. கட்டணம் 1,35,000 ரூபாய். விமான டிக்கெட் தனி.

மூன்று வருடச் சம்பளத்தில் அவள் ஆர்.டி.யில் சேர்த்திருந்தது 2,40,000 ரூபாய்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது வீடு இரண்டானது. “பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டிடுச்சு. நான் ஒவ்வொரு கிராமா எண்ணிக்கிட்டு இருக்கேன். நீ ஊர் பேர் தெரியாத எடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டறேங்கற!”

“போர் நடக்கற எடத்துக்குப் போகலம்மா. பக்கத்து நாட்டுல முகாம் இருக்கு, அங்கதான். பாதுகாப்பான எடம்.”

“பாதுகாப்பா இருந்தா அவங்க ஏன்டி முகாம்ல இருக்காங்க?”

அம்மா கோபத்தில் கேட்டதுதான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

மாடி வீட்டு அக்கா

அவர்கள் வீட்டு மாடி போர்ஷனில் ஆறு வருடமாக ஒரு குடும்பம் குடியிருக்கிறது. கணவர் பெயின்டர். மனைவி பிளவுஸ் தைத்துக் கொடுப்பார். ஒரே மகள். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘டெய்லர் அக்கா’. பேச்சில் ஏதோ ஒரு சாயல் இருக்கும். தூத்துக்குடிப் பக்கமா, கன்னியாகுமரிப் பக்கமா என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். வாடகை ஒப்பந்தம் போட்ட அம்மாவுக்கு மட்டும் தெரியும், அவர்கள் மன்னார்க்காரர்கள் என்று. போலீஸ் ஸ்டேஷனில் அகதிகளாகப் பதிவு செய்துகொண்டு, முகாமுக்கு வெளியே வசிப்பவர்கள். வீடு மாறினால்கூடச் சொல்லிவிட்டுத்தான் மாற வேண்டும்.

அளவு கொடுக்க மாடிக்குப் போனபோது அவள் பயண விஷயத்தைச் சொன்னாள். பாராட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னாள். அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். மனசு கனத்தால் அவருக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

“எத்தனை நாளைக்குப் பிள்ளை?”

“ரெண்டு வாரம்க்கா.”

“ஓ... ரெண்டு வாரம்.”

அவ்வளவுதான் சொன்னார். கையளவு எடுத்தார், நோட்டில் குறித்துக்கொண்டார். அவள் படியிறங்கப் போகும்போதுதான் மெதுவாக ஆரம்பித்தார்.

1990-ல் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியபோது அக்காவுக்கு எட்டு வயது. இரவில் படகேறி ராமேஸ்வரத்துக்கு வந்தார்கள். முதலில் மண்டபம் முகாம். பிறகு வேறொரு மாவட்டத்தில் ஒரு முகாம். பத்துக்குப் பத்து அடி அறை. நடுவே சேலையைக் கட்டித்தான் அது சமையலறை, இது படுக்கையறை என்று பிரித்துக்கொள்வார்கள். மழை பெய்தால் அந்தச் சேலையும் நனையும்.

முகாமுக்கு அவ்வப்போது யாராவது வருவார்கள். பிஸ்கட் பாக்கெட், கலர் பென்சில், பழைய துணி. குழந்தைகளை வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். சிரிக்கச் சொல்வார்கள். சிலர் தூக்கிவைத்துக் கொஞ்சுவார்கள். ஒரு வெளிநாட்டுப் பெண்மணி அக்காவின் தலையை வாரிப் பின்னிவிட்டு, ‘மறுபடி வருவேன்’ என்று சைகை காட்டிப் போனாராம். அந்தப் பின்னலை அவிழ்க்கவிடாமல் நான்கு நாள் அழுதது அக்காவுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

“அவ நல்லவதான். பொய் சொல்லணும்னு சொல்லியிருக்க மாட்டா. ஆனா, வந்த சனத்துல ஒருத்தரும் என்ர பேரை ரெண்டாம் தரம் கேட்டதில்ல. ஏன்னா, ரெண்டாம் தரம் ஒருத்தரும் வரேல்ல.”

வந்தவர் ஒரே ஒருவர். அதுவும் வெளியிலிருந்து வந்தவர் அல்ல. அதே முகாமில் நான்கு வீடு தள்ளி இருந்த ஒரு பெண். ஊரில் ஏ.எல். வரை படித்தவர். அவரும் அகதி. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தார். யாராவது வரவில்லை என்றால் வீட்டு வாசலில் வந்து நிற்பார். காய்ச்சலா, கோபமா, அப்பா குடித்துவிட்டு வந்தாரா என்று கேட்டுக்கொண்டுதான் போவார். நான்கு வருடம்.

“நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினது அவவாலதான்” என்றார் அக்கா.

அகதிக்கு அகதியே ஆசிரியர்

அக்கா சொன்னது ஒரு முகாமின் கதை மட்டுமல்ல. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் பல கட்டங்களாகக் கடல் கடந்து தமிழகத்துக்கு வந்தார்கள். 1984-ல் எஸ்.சி.சந்திரஹாசன் ‘ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழக’த்தைச் சென்னையில் தொடங்கினார். ‘தந்தை செல்வா’ என்று அழைக்கப்படும் எஸ்.ஜே.வி.செல்வநாயகத்தின் மகன் அவர். அந்த அமைப்பின் சிறப்பே, அகதிகளுக்கு உதவப் பெரும்பாலும் அகதிகளையே பயிற்சி கொடுத்துத் தயார்செய்ததுதான். முகாமிலேயே வாழும் இளைஞர்கள் மாலைநேர வகுப்பு எடுத்தார்கள். பெண்கள் கர்ப்பிணிகளையும் குழந்தைகளின் எடையையும் கவனிக்கும் சுகாதாரப் பணியாளர்கள் ஆனார்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருவதற்காக அலைந்தார்கள்.

ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு நிலைமை மாறியது. 90-களில் சில ஆண்டுகள் தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் போய்வரக் கடும் கட்டுப்பாடு இருந்தது. வெளியிலிருந்து வந்த உதவிகள் வாசலிலேயே நின்றன. உள்ளேயே இருந்தவர்களின் ஆறு மணி வகுப்பை அப்படி நிறுத்த முடியவில்லை.

இன்றைக்கும் உலகம் முழுக்க இதுதான் நிலை. ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்குப்படி, 2024 முடிவில் போரும் வன்முறையும் துரத்தி வீட்டை விட்டு ஓடியவர்கள் 12 கோடிக்கும் மேல். நாட்டைவிட்டே வெளியேறியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் முதல் சோறு போடுகிறவர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர். அவர்களின் குழந்தைக்கு முதல் வகுப்பு எடுப்பவர் பெரும்பாலும் இன்னொரு அகதி.

இரண்டு வாரத்தில் என்ன கெட்டுவிடும்?

‘பத்து நாள் அன்பு கொடுத்தால்கூட நல்லதுதானே, அதில் என்ன தப்பு?’ என்று கேட்கலாம். அவளும் அதைத்தான் கேட்டாள். அதற்குப் பதில் தேடியபோதுதான், இப்படி நடக்கிற பயணங்களின் இன்னொரு பக்கம் தெரியவந்தது.

போரில் தப்பிய குழந்தை ஏற்கெனவே பலரை இழந்த குழந்தை. அப்பா, பாட்டி, பக்கத்து வீட்டு நண்பன், டீச்சர் என்று ஒவ்வொருவராகக் காணாமல் போனதைப் பார்த்தது. அதற்கு முன்னால் இரண்டு வாரத்துக்கு ஒரு புது அக்கா வந்து கட்டிப்பிடித்துவிட்டு மறைந்தால், அது இன்னொரு இழப்பு. அடுத்த பேட்ச் வரும், அடுத்த அக்கா வருவார், அவரும் போவார். இப்படி வளரும் குழந்தை, ஒன்று யாரைக் கண்டாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது, அல்லது யாரிடமும் ஒட்டாமல் இறுகிப்போகிறது. முதல் வகையைப் பார்த்துவிட்டு, ‘எவ்வளவு பாசமான குழந்தைகள்!’ என்று நாம் போட்டோ போடுகிறோம்.

பணம் இன்னொரு சிக்கல். கம்போடியாவில் ஆதரவற்றோர் இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருப்பது தெரியவந்தது. வெளிநாட்டவர் காசு கொடுத்துக் குழந்தைகளைப் பார்க்க வருகிறார்கள் என்றால், பார்ப்பதற்குக் குழந்தைகள் வேண்டும். வறுமையில் இருக்கும் பெற்றோரிடம் ‘படிக்கவைக்கிறோம்’ என்று சொல்லிக் கூட்டிவருவது ஒரு தொழிலாகவே ஆனது. இல்லங்களில் லாபத்துக்காகக் குழந்தைகளைச் சேர்ப்பதும் நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவம்தான் என்ற விவாதம் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் வரை போனது. 2018-ல் அங்கே நவீன அடிமைத்தனச் சட்டம் வந்தபோது இதுவும் பேசப்பட்டது.

எல்லா அமைப்புகளும் அப்படி இல்லை. நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்கச் சில கேள்விகள் போதும்.

- குழந்தைகளோடு பழகப்போகிறவரின் பின்னணியை விசாரிக்கிறார்களா? போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்கிறார்களா? கேட்காமல் யாரை வேண்டுமானாலும் உள்ளே விடுகிறார்கள் என்றால், நம்மைப் போலவே யாரும் உள்ளே போகலாம் என்று பொருள்.
- நாம் செய்யப்போகும் வேலையைச் செய்ய அந்த ஊரிலேயே ஆள் இல்லையா? இருந்தால், அவருக்குப் போக வேண்டிய சம்பளத்தை நாம் தடுக்கிறோமா?
- நம்மிடம் வாங்கும் பணத்தில் முகாமுக்கு எவ்வளவு போகிறது? கணக்கு காட்டுவார்களா?
- நாம் கிளம்பிய மறுநாள் அந்த வகுப்பை யார் எடுப்பார்கள்?

கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் மூன்றாவது கேள்வி அவளுக்குக் கைவந்த கலை. நான்கையும் எழுதி அந்தப் பயண நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினாள். முதல் மூன்றுக்கும் பதில் வரவில்லை. நான்காவதற்கு மட்டும் ஒரு வரி வந்தது: ‘கவலைப்பட வேண்டாம், அடுத்த குழு வந்துவிடும்.’ அதற்குக் கீழே ஒரு சிரிக்கும் பொம்மை.

முன்பணம் கட்டக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அவள் கட்டவில்லை.

நிஜமாகவே போக விரும்புகிறவர்களுக்கு

வெளிநாடு போய் உதவுவதே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. போர்க்களத்துக்குப் பக்கத்தில் ஆள் தேவைப்படத்தான் செய்கிறது. ஆனால், தேவைப்படுவது வேலை தெரிந்த ஆள்.

‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு 1971-ல் பிரான்ஸில் தொடங்கி, 1999-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. டாக்டர், நர்ஸ் மட்டுமல்ல, தண்ணீர்க் குழாய் போடுகிறவர், மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர், கணக்கு எழுதுகிறவர் எல்லோரும் அதில் உண்டு. பொதுவாகத் துறையில் இரண்டு வருட அனுபவமாவது கேட்பார்கள். போவது மாதக்கணக்கில். போகிறவரிடம் காசு வாங்குவதில்லை. அவர்கள்தான் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு. 27 வயதும் மூன்று வருட அனுபவமும் இருந்தால் அடுத்த பிரிவு. தேர்வானால் வாழ்க்கைப்படி தருவார்கள். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவு வேலை செய்து தரும் ஆன்லைன் தன்னார்வலர் பிரிவும் உண்டு.

இதைப் படித்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அன்பு இருந்தால் போதும் என்று சொன்ன இடத்தில் 1,35,000 ரூபாய் கேட்டார்கள். அனுபவம் வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அவர்களே பணம் கொடுக்கிறார்கள். தன்னிடம் இருக்கும் கணக்கு அறிவு ஒரு முகாமுக்குப் பயன்படும் என்பது அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

போர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

பெருங்களத்தூரில் தொடங்கும் சென்னை புறவழிச்சாலை, 32 கி.மீ. ஓடி முடிகிற இடம் புழல். அங்கே காவாங்கரையில் ஓர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அந்த பைபாஸில் எத்தனையோ முறை போனவர்களுக்கும் இது தெரியாது.

வண்டலூரில் திரும்பி நேராகப் போனால் கேளம்பாக்கம். 2012 முதல் சில ரோஹிங்கியா குடும்பங்கள் அங்கே வசித்துவருகின்றன. எல்லோரையும் சேர்த்தாலும் ஏறக்குறைய நூறு பேர்தான். புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் தங்கவைக்கப்பட்டவர்கள். ஆண்கள் பலர் பழைய பொருள்கள் பொறுக்கி விற்றுப் பிழைக்கிறார்கள். 1982-ல் வந்த ஒரு சட்டத்தால் மியான்மரில் குடியுரிமை மறுக்கப்பட்ட இனம் அது. 2017 ஆகஸ்டில் அங்கே ராணுவ நடவடிக்கை தொடங்கியபோது ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அந்த முகாம் படங்களைத்தான் நாம் செல்போனில் பார்த்தோம். அதே இனத்தின் குழந்தைகள், ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக நிற்கும் ஓ.எம்.ஆர். ஓரத்தில் அரசுப் பள்ளியில் ‘அ, ஆ’ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தமிழக அரசு 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி, முகாம்களில் இருந்த இலங்கைத் தமிழர்கள் 58,822 பேர். முகாமுக்கு வெளியே பதிவு செய்துகொண்டு வாழ்ந்தவர்கள் 34,087 பேர். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. 317 கோடி ரூபாயில் புதிய வீடுகள், உதவித்தொகை உயர்வு, படிப்புக்கு உதவி எல்லாம் அறிவிக்கப்பட்டன. பத்துக்குப் பத்து அறைகள் பல இடங்களில் இப்போது கான்கிரீட் வீடுகளாகியிருக்கின்றன.

குடியுரிமை மட்டும் அப்படியே நிற்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியர். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து விதி இன்னும் இறுகியது. 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு முகாம் பெண், இந்த விதியைக் காட்டி நீதிமன்றம் போய் இந்திய பாஸ்போர்ட் பெற்று, 2024 தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். 1987 ஜூலை 1-க்குப் பின்னால் பிறந்திருந்தால் அந்த வழியும் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அது நிம்மதிதான். ஆனால் குடியுரிமை அல்ல.

முகாம்களுக்கு நினைத்தவுடன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. அரசின் மறுவாழ்வுத் துறையிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் அனுமதி வேண்டும். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் அமைப்பின் வழியாகப் போவதே முறை. கலர் பென்சிலும் செல்போனுமாகப் போய் நிற்கலாமா என்று அவள் யோசித்தபோது, மாடி வீட்டு அக்காவின் பின்னல் நினைவுக்கு வந்தது. போகவில்லை.

ஒரு படிவம், ஒரு கட்டம்

வேலை அவளைத் தேடி வந்தது. 2025 மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட். அக்காவின் மகள் தமிழ்வழியில் வணிகவியல் பாடப் பிரிவில் படித்து நல்ல மார்க் வாங்கியிருந்தாள். பி.காம். சேர வேண்டும். பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியின் ஆன்லைன் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தார்கள். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் செங்கல்பட்டு. அடுத்தது ‘குடியுரிமை’. இந்தியர், என்.ஆர்.ஐ., வெளிநாட்டவர் என்று மூன்றே வாய்ப்பு. இந்தியர் என்று அழுத்தினால் பொய். வெளிநாட்டவர் என்று அழுத்தினால் பாஸ்போர்ட் நம்பர் கேட்டது. நம்பர் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது. கட்டணம் டாலரில் காட்டியது.

செங்கல்பட்டில் பிறந்து, சேலையூர் தெருக்களில் சைக்கிள் ஓட்டி வளர்ந்த பெண். மன்னாரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பேச்சு அச்சு அசல் தாம்பரம். அன்றைக்கு இரவு மாடியிலிருந்து இறங்கிவந்து, “அக்கா, இந்த ஃபார்ம்ல நான் யாருக்கா?” என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இவளுக்கு அதே வேலை. அகதிப் பதிவுச் சான்று, பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஃபைல் போட்டாள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று எனக் கடிதம் எழுதினாள். இரண்டு நாள் லீவு. முதல் கல்லூரியில் ‘சாஃப்ட்வேர் ஒத்துக்காதும்மா’ என்றார்கள். இரண்டாவது இடத்தில், ‘மேனேஜ்மென்ட் கிட்ட கேட்டுச் சொல்றோம்’ என்று சொன்னவர்கள் சொல்லவே இல்லை. கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது மூன்றாவது கல்லூரியில் ஒரு வயதான அலுவலர், ஃபைலை முழுதாகப் படித்துவிட்டு, காகிதத்திலேயே விண்ணப்பம் வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் உள்ள அதே கட்டணம். மாலை நேர ஷிஃப்ட்டில்தான் இடம் இருந்தது. சேர்ந்தாள்.

ஆறு வருடமாக ஒரே வாசலில் கோலம் மிதித்துப் போனவர்கள். அக்கா குடும்பம் ஒவ்வொரு படிவத்திலும் இப்படி ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டுதான் வாழ்ந்தது என்பது அவளுக்கு அந்த மூன்று வாரத்தில்தான் தெரிந்தது. சிம் கார்டு, வங்கிக் கணக்கு, பைக் லோன் என எல்லா இடத்திலும் அந்தக் கட்டம் உண்டு. இதற்கெல்லாம் அவர்களுக்கு விமானம் ஏறி வந்து யாரும் உதவ வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதத் தெரிந்தவர், அலுவலக வாசலில் கூட நிற்கப் பொறுமை உள்ளவர் ஒருவர் போதும்.

சேர்ந்த பிறகு இன்னொரு பிரச்னை வந்தது. பள்ளியில் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்று படித்தவளுக்குக் கல்லூரியில் எல்லாமே ஜர்னல், லெட்ஜர், டிரையல் பேலன்ஸ். கணக்கு தெரியும், பெயர்தான் தெரியாது. முதல் மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கீழ் வீட்டு ஹாலில் வகுப்பு. ஒரு பழைய நோட்டில் இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல். ‘நற்பெயர்’ என்பதுதான் ‘குட்வில்’ என்று தெரிந்த அன்று, “இவ்ளோதானாக்கா? இதுக்கா நான் பயந்தேன்!” என்று சிரித்தாள். அவளோடு படிக்கும் தமிழ்வழி மாணவிகள் இரண்டு பேரும் இப்போது வருகிறார்கள். ஒருத்தி கேம்ப் ரோட்டிலிருந்து, இன்னொருத்தி மாடம்பாக்கத்திலிருந்து. அவர்கள் அகதிகள் இல்லை. ஆனால் அதே நோட்டு அவர்களுக்கும் தேவைப்படுகிறது.

ஒரு ஞாயிறு அவள் தூங்கிவிட்டாள். ஒன்பதரைக்கு எழுந்து வெளியே வந்தால் மூன்று பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து பழைய கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்திருந்தார். ஆர்.டி. பணத்தைப் பற்றி அம்மா இப்போது எதுவும் கேட்பதில்லை. பவுன் விலையை மட்டும் அவ்வப்போது சொல்வார்.

வெளிநாடு போகும் ஆசையை அவள் விடவில்லை. ஐ.நா. தன்னார்வலர் தளத்தில் தன் விவரங்களைப் பதிந்துவைத்திருக்கிறாள். பிரெஞ்சு தெரிந்தால் ஆப்பிரிக்க நாடுகளில் வாய்ப்பு அதிகம் என்பதால் ஆன்லைனில் படிக்கிறாள். அழைப்பு வர ஒரு வருடம் ஆகலாம், மூன்று வருடம் ஆகலாம். வராமலும் போகலாம். வந்தால், அது மாதக்கணக்கில் இருந்து ஒரு முகாமின் வரவு செலவைச் சுத்தமாகப் பார்க்கும் வேலையாக இருக்க வேண்டும் என்பது அவளது விருப்பம். குழந்தைகளோடு போட்டோ எடுக்கும் வேலை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள்.

மேலே தையல் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வகுப்பின் நடுவே இதை அவள் சொன்னபோது, அக்காவின் மகள் நோட்டிலிருந்து நிமிரவில்லை.

“போங்கக்கா, நல்லதுதான். ஆனா மூணாவது வருஷம் காஸ்டிங் இருக்கு. அதை முடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க.”